கத்தரிக்கோல் இல்லாத மதியங்கள்

பெண்கள் சிறையில் வார்டன் வேலை கிடைத்தபோது சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்: அரசாங்க உத்தியோகம், கண்ணை மூடிக்கொண்டு சேர்ந்துவிடு. அவளும் கண்ணை மூடிக்கொண்டுதான் சேர்ந்தாள். சேர்ந்த பிறகு கண்ணை மூடத்தான் நேரம் கிடைக்கவில்லை. ஷிஃப்டு அப்படி. புருஷன் லாரி டிரைவர். வந்தால் வந்ததுதான், எப்போது கிளம்புவான் என்பது வண்டி முதலாளிக்குத்தான் தெரியும். சிறை மதிலுக்குப் பின்னாலேயே இருந்த குவார்ட்டர்ஸில் அவளும் அம்மு என்று கூப்பிடும் ஒரே மகளும்தான் பெரும்பாலும் இருந்தார்கள்.

இடுப்பில் எப்போதும் சாவிக்கொத்து. அவள் வருவதற்கு முன்னால் அதன் சத்தம் வந்துவிடும். அதனால் சிறைக்கு வந்துபோகும் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் சாவியக்கா. கைதிகளும் முதுகுக்குப் பின்னால் அதையே சொன்னார்கள். அவளுக்கு அது பிடித்திருந்தது. மற்ற வார்டன்களுக்கு வைத்திருந்த பெயர்களைக் கேட்டவர்களுக்குத் தெரியும், இது எவ்வளவு மரியாதையான பெயர் என்று.

புதிதாக வந்த சூப்பிரண்டம்மா ஓர் உத்தரவு போட்டார். பள்ளிக்கூடங்களுக்கு நீண்ட விடுமுறை விடும்போதெல்லாம் ஒரு மதியம், பிள்ளைகளைத் தாய்மாரோடு ஒரே கூடத்தில் உட்கார விடலாம். அதுவரை கம்பிவலைக்கு இந்தப் பக்கம் பிள்ளை, அந்தப் பக்கம் தாய். விரல் நுனிகூட முழுசாகப் படாது. உத்தரவு நல்ல உத்தரவுதான். ஆனால் அதை நடத்த ஆள் வேண்டுமே? லீவு நாளில் வந்து பிள்ளைகளை மேய்க்க யாருக்கும் மனசில்லை. ஒருத்திக்கு இடுப்பு வலி, இன்னொருத்திக்கு மாமியார் வலி. கடைசியில் பொறுப்பு சாவியக்கா தலையில் வந்து விழுந்தது.

முதல் மதியம் படு தோல்வி. கூடத்தில் தார்ப்பாய் விரித்து, நடுவில் கலர் பென்சில் டப்பாவை வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். பென்சிலைத் தொட ஆளில்லை. தாய்மார் பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். பிள்ளைகள் மூச்சு முட்டி நெளிந்தன. கொஞ்சம் பெரிய பிள்ளைகள் சுவரோரமாக நின்று, சுவரில் எழுதியிருந்த விதிமுறைகளைத் திரும்பத் திரும்பப் படித்தன. ஒரு பையன், "எப்ப வீட்டுக்குப் போலாம்?" என்று அவளிடம் வந்து கேட்டான். அவனுடைய அம்மாவுக்கு அது கேட்டுவிட்டது.

அன்று வீட்டுக்கு வந்தும் அவளுக்கு மனசு ஆறவில்லை. சும்மா உட்காரச் சொன்னால் எப்படி உட்காருவார்கள்? கைக்கு ஏதாவது வேலை வேண்டும். இரண்டு பேர் கையும் ஒரே பாத்திரத்துக்குள் போகிற மாதிரி வேலை.

ஆனால் எதைக் கொடுப்பது? கூடத்துக்குள் கத்தரிக்கோல் கூடாது, கத்தி கூடாது, ஊசி, குண்டூசி, ஸ்டேப்ளர் பின் கூடாது. கண்ணாடி கூடாது. நெடி அடிக்கும் பசை கூடாது. நூல் கூடாது. அடுப்பு என்ற பேச்சே கிடையாது. இவ்வளவையும் கழித்துவிட்டால் மிஞ்சுவது காகிதமும் விரலும்தான். சரி, அதை வைத்தே பார்ப்போம் என்று ஆரம்பித்தாள்.

காகிதத்தை மடித்து, மடிப்பை நகத்தால் அழுத்தி ஓட்டி, விரலைத் தண்ணீரில் தொட்டு அந்தக் கோட்டில் ஒரு தடவை தடவினால், கத்தரிக்கோலால் வெட்டியது போல நேராகக் கிழியும். அப்படிக் கிழித்த பட்டைகளை வளையமாக ஒட்டிக் கோத்தால் தோரணம். அகலமான பட்டையை விசிறி மடிப்பாக மடித்து இரண்டு முனையையும் சேர்த்தால் பூ. பழைய காலண்டர் தாளில் கிரீடம். ஒட்டுவதற்கு மைதா மாவுப் பசை. அதை வீட்டிலேயே காய்ச்சி, ஆறவைத்து, பிளாஸ்டிக் டப்பாவில் எடுத்துப் போவாள். கேட்டில் இருப்பவர் ஒவ்வொரு தடவையும் டப்பாவைத் திறந்து மோந்து பார்ப்பார். "என்னம்மா, கஞ்சியா?" என்பார். "ஆமா சார், உங்களுக்குத்தான்" என்பாள். வர்ணத்துக்குப் பீட்ரூட் சாறும் காபித் தூள் கரைத்த தண்ணீரும். அதில் தாயின் உள்ளங்கையைத் தோய்த்து ஒரு தாளில் அழுத்தி, அதன் நடுவிலேயே பிள்ளையின் கையை அழுத்தவைப்பாள். தின்பதற்கு பிஸ்கட் உருண்டை. பிஸ்கட்டைக் கவரோடு கையாலேயே நொறுக்கி, கனிந்த வாழைப்பழமும் பால் பவுடரும் போட்டுப் பிசைந்து, உருட்டி, சர்க்கரையில் புரட்டினால் முடிந்தது. ஒரு தட்டுக்கு ஒரு தாய், ஒரு பிள்ளை. பிசைகிற சாக்கில் கையும் கையும் சேர்ந்துவிடும். கண்ணைப் பார்க்கக் கூச்சப்பட்ட பிள்ளைகள்கூட, "அம்மா, இது ரொம்ப பெருசு, உருட்ட வரல" என்று பேச ஆரம்பித்தன.

எல்லாவற்றையும் முதலில் வீட்டில் செய்து பார்த்தாள். எவ்வளவு மாவுக்கு எவ்வளவு தண்ணீர், பழம் அதிகமானால் உருண்டை நிற்குமா, சின்னக் கைகளால் இந்த மடிப்பை மடிக்க முடியுமா என்றெல்லாம் தெரிய வேண்டாமா? பார்க்க வீட்டிலேயே ஒரு சின்னக் கை இருந்தது. அம்முவுக்கு அப்போது கொண்டாட்டம். அம்மா ஷிஃப்டு முடிந்து வந்து யூனிபார்மை மாற்றியதும் மாற்றாததுமாகத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து தன்னோடு காகிதம் கிழிக்கிறாள் என்றால் சும்மாவா? முகம் முழுக்கப் பீட்ரூட், முடி முழுக்கப் பசை. தலையில் காலண்டர் கிரீடத்தோடுதான் சாப்பிடுவேன் என்று அடம்.

கொஞ்ச நாள் போனது. ஒரு சாயங்காலம் அம்மு அழகாக ஒரு பூச்சரம் செய்து ஜன்னலில் தொங்கவிட்டிருந்தாள். மறுநாள் காலை சாவியக்கா அதை அவிழ்த்துப் பைக்குள் வைத்தாள்.

"அதை ஏம்மா எடுக்கற?"

"மாதிரி காட்டணும்டி. இதைப் பார்த்தாத்தான் அவங்க செய்வாங்க. நாம வேற செஞ்சுக்கலாம்."

அம்மு காலி ஜன்னலைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "நாம செய்யறது எல்லாம் எனக்கா, ஜெயிலுக்கா?"

"ரெண்டு பேருக்கும்தான்டி கண்ணு" என்று சொல்லிவிட்டுக் கதவை வெளியே பூட்டிக்கொண்டு கிளம்பினாள். லீவு நாட்களில் அப்படித்தான். பக்கத்து வீட்டு நர்ஸம்மாவிடம் ஒரு சாவி இருக்கும். மத்தியானம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்.

கைதிகளில் ஒருத்தி தையல்காரி. வெளியே இருந்தபோது பிளவுஸ் தைத்துக் குடும்பத்தை ஓட்டியவள். உள்ளே வந்தும் தையல் கூடத்தில்தான் வேலை. புருஷன் செத்த வழக்கு. அவள்தான் தள்ளினாள், மாடிப்படியில் உருண்டான். அதற்கு முந்தின வருஷங்களில் எத்தனை தடவை அவளை அவன் அடித்து உருட்டியிருந்தான் என்பதைக் கோர்ட்டில் கேட்டார்களா இல்லையா என்பது சாவியக்காவுக்குத் தெரியாது. தண்டனை நீளமாக விழுந்திருந்தது. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது பிரிந்தது. புருஷனின் அக்காதான் வளர்க்கிறாள். செத்துப்போன தம்பியின் பிள்ளை என்று வளர்க்கிறாளே தவிர, இவளுடைய பிள்ளை என்று அல்ல. ஆனாலும் சூப்பிரண்டம்மாவின் கடிதத்துக்கு மரியாதை கொடுத்து, ஒரு லீவுக்குப் பிள்ளையைக் கூட்டி வந்தாள்.

குட்டிப் பெண். முகத்தில் பாதிக்குக் கண்ணே இருந்தது. முட்டைக்கண்ணி என்று சாவியக்கா அன்றே பேர் வைத்துவிட்டாள். அத்தை வெளியே காத்திருக்க, அவள் மட்டும் கூடத்துக்குள் வந்தாள். எங்கே போவது என்று தெரியாமல் நின்றாள். தையல்காரி எழுந்து இரண்டு கையையும் நீட்டினாள். வாய் திறந்தால் அழுகை வந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றதில், அவள் முகம் பார்க்கக் கோபமாக இருப்பது போலத் தெரிந்தது. முட்டைக்கண்ணி மிரண்டுபோய்ப் பின்னால் நகர்ந்து, சாவிக்கொத்தைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த மதியம் முழுக்க அவள் சாவியக்காவை விடவில்லை. மடியில் உட்கார்ந்தே உருண்டை உருட்டினாள். ஒவ்வொன்றின் தலையிலும் கட்டைவிரலால் ஒரு குழி போட்டு, அதற்குள் சர்க்கரையை நிரப்பினாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவளாகக் கண்டுபிடித்தது. எதிரே தையல்காரி தன் தட்டில் தனியாக உருட்டிக்கொண்டிருந்தாள். கண் மட்டும் இங்கேயே இருந்தது.

மறு லீவுக்கும் அதே கதை. உள்ளே நுழைந்ததும் "சாவியக்கா!" என்று ஓடிவந்தாள். சாவியக்காவுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வராமல் இல்லை. யார் பிள்ளையாக இருந்தாலும், ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டால் யாருக்குத்தான் இனிக்காது? ஆனால் மதியம் முடிந்து கூடத்தைத் துடைக்கும்போது, தையல்காரி துணியோடு பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"மேடம், அவளுக்கு என்ன பிடிக்கும்னு கொஞ்சம் சொல்லுங்களேன்."

"எதுல?"

"எதுலயும். உங்ககிட்டதான பேசறா. எனக்கு ஒண்ணும் தெரியல."

குரலில் பொறாமை இல்லை. இருந்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும். பிள்ளைக்கு மஞ்சள் கலர் பிடிக்கும், குழி போட்டு சர்க்கரை நிரப்பப் பிடிக்கும், நாய் என்றால் பயம் என்று தெரிந்ததைச் சொன்னாள். தையல்காரி ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள், துணி தைக்கக் கொடுக்க வந்தவர்களிடம் அளவு கேட்டுக்கொள்வது மாதிரி.

அப்போதுதான் சாவியக்கா ஒரு முடிவுக்கு வந்தாள். தான் குறுக்கே நிற்கிறவரை பிள்ளை தாயிடம் போகாது. தள்ளிவிட்டால் போகும். வளர்ந்த குஞ்சைக் கோழி கொத்தித் துரத்துவது போலக் கொஞ்சம் கொத்தினால் சரியாகிவிடும் என்று நினைத்தாள். யாரிடமும் கலந்துகொள்ளவில்லை.

அடுத்த லீவு மதியம் முட்டைக்கண்ணி ஓடிவந்தாள். கையில் ஒரு மஞ்சள் காகிதப் பூ. வீட்டிலேயே கிழித்து ஒட்டியது. "உங்களுக்கு" என்று நீட்டினாள்.

சாவியக்கா அதை வாங்கவில்லை. "எனக்கு எதுக்கு? அங்க உங்க அம்மா இருக்காங்க. போய்க் குடு."

பிள்ளை சிரித்துக்கொண்டே இடுப்பைக் கட்டியது.

"விடு. சொன்னாக் கேக்க மாட்டியா? நான் என்ன உங்க அம்மாவா? எப்பப் பாரு என் மேலயே வந்து ஒட்டிக்கிட்டு! போ அந்தப் பக்கம்!"

குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. வராந்தாவில் கைதிகளை வரிசையில் நிறுத்தும் குரல் அது. கூடமே அடங்கிப்போனது. பிள்ளையின் கை தானாகக் கழன்றது. தாயிடம் போகவில்லை. நேராகக் கதவுக்குப் போய், இரண்டு கையாலும் அதைத் தட்ட ஆரம்பித்தது. "அத்தே! அத்தே!" என்ற அலறல் வெளி வராந்தாவரை கேட்டது. தையல்காரி ஓடிவந்து தூக்கப் பார்த்தாள். பிள்ளை காலை உதைத்துத் திமிறியது. கதவைத் திறக்க வேண்டியதாயிற்று. பூ தார்ப்பாயில் கிடந்தது. யாரோ தெரியாமல் மிதித்தார்கள்.

தையல்காரி தன் இடத்துக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தாள். தட்டில் பிசைந்து வைத்திருந்ததை ஒவ்வொன்றாக உருட்டி, கட்டைவிரலால் குழி போட்டு, சர்க்கரை நிரப்பினாள். நேரம் முடியும்வரை உருட்டிக்கொண்டே இருந்தாள்.

அடுத்த லீவுக்கு முட்டைக்கண்ணி வரவில்லை. அதற்கு அடுத்ததற்கும் இல்லை. அழைப்பு போனது, பதில் இல்லை. தையல்காரி ஒவ்வொரு தடவையும் குளித்து, தலை சீவி, கூடத்து வாசலில் வந்து நிற்பாள். கடைசிப் பிள்ளை உள்ளே போனதும் திரும்பிப் போவாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் கேட்காமல் இருப்பதைத்தான் சாவியக்காவால் தாங்க முடியவில்லை.

தன் வார விடுமுறை நாள் ஒன்றில் அவளே முட்டைக்கண்ணியின் வீட்டைத் தேடிக் கிளம்பினாள். அந்த நாளை அம்முவுக்கென்று ஒதுக்கியிருந்தாள். அட்டைப் பெட்டியில் பெரிய வீடு செய்வதாகப் பேச்சு. உள்ளே படிக்கட்டு வைத்து, ஜன்னலுக்குத் திரை போட்டு. ரொம்ப நாளாகத் தள்ளிப்போன பேச்சு. "மத்தியானத்துக்குள்ள வந்துடுவேன், நீ ஜன்னல் எங்க வரணும்னு பென்சில்ல வரைஞ்சு வை" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பஸ் மாறி, விசாரித்து, வீட்டைக் கண்டுபிடிக்கவே மத்தியானமாகிவிட்டது. கீழே டயர் கடை, மேலே வீடு. அத்தை கதவைப் பாதிதான் திறந்தாள். யூனிபார்ம் இல்லாததால் முதலில் அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"எதுக்கு வந்தீங்க?"

"பாப்பாவைப் பார்த்து ஒரு மன்னிப்பு... அன்னிக்கு நான் கொஞ்சம் சத்தம் போட்டுட்டேன். அவ அம்மா மேல தப்பில்ல. மறுபடி கூட்டிட்டு வாங்க. நான் அந்தப் பக்கமே வரல, வேற ஆளை நிறுத்தறேன்."

"நீங்க சத்தம் போட்டதுக்கா நாங்க வரல?" அத்தை குரலைத் தாழ்த்தினாள். "அன்னிக்கு வந்து ராத்திரியெல்லாம் கத்தினா. பள்ளிக்கூடத்துல வேற கேக்கறாங்களாம், உங்க அம்மா எங்கன்னு. எத்தனை நாள் மழுப்பறது? அம்மா செத்துட்டான்னு சொல்லிட்டோம். அழுதா, முடிஞ்சுது. இப்ப நல்லா சாப்பிடறா, படிக்கறா. நீங்க வந்து கிளறாதீங்கம்மா. உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன்."

அத்தையின் தோளுக்குப் பின்னால், உள் அறைக் கதவோரம், அந்தக் கண்கள் தெரிந்தன. உயரமாகியிருந்தாள். அடையாளம் தெரிந்துகொண்டாள் என்பதில் சந்தேகமில்லை. சாவியக்கா சிரிக்க முயன்றாள். அந்த உள் அறைக் கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.

திரும்பும்போது பஸ் கிடைக்கத் தாமதம். வீடு வந்து சேர விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டது. அம்மு தரையில் உட்கார்ந்திருந்தாள். அட்டைப் பெட்டியில் ஜன்னல்கள் வரைந்திருந்தாள். வரைந்த கோட்டில் வெட்டப் பார்த்து, அட்டை கோணல்மாணலாகப் பிய்ந்திருந்தது. உருண்டைக்கு வாங்கி வைத்திருந்த பிஸ்கட்டை வெறுமனே தின்றிருக்கிறாள்.

"இப்ப செய்யலாமா கண்ணு?" என்றாள் சாவியக்கா.

"வேணாம்."

"ஏன்டி, கோவமா?"

"தூக்கம் வருது." பெட்டியைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு எந்த லீவிலும், எந்த உருண்டைக்கும், அம்மு தரையில் வந்து உட்காரவில்லை. கூப்பிட்டால், "நீயே செஞ்சு பாரும்மா, எனக்குப் பாடம் இருக்கு" என்பாள். லீவில் என்ன பாடம் என்று கேட்கும் தைரியம் சாவியக்காவுக்கு வரவில்லை.

தையல்காரியிடம் சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் வாசலில் தலை சீவி வந்து நிற்கும் அந்தக் கோலத்தை இன்னொரு தடவை பார்க்க முடியாது. தையல் கூடத்தில் மற்றவர்கள் சாப்பிடப் போன நேரம் பார்த்து, மெஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னாள். தான் கத்தியதால்தான் இது ஆரம்பித்தது என்பதையும் சேர்த்தே சொன்னாள்.

தையல்காரி மிதியிலிருந்து காலை எடுக்கவில்லை. ஊசி துணியில் குத்தியபடி நின்றது.

"செத்துட்டேன்னு சொன்னாங்களா?"

"ம்."

"எப்படிச் செத்தேன்னு சொன்னாங்களாம்?"

சாவியக்கா அதைக் கேட்டுக்கொண்டு வரவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னாள். "ஜுரம்னு."

"ஜுரமா." தையல்காரி துணியின் சுருக்கத்தை நீவிவிட்டாள். "பரவால்ல. ஜுரம்னா பரவால்ல மேடம். அது யாருக்கும் வரும்."

மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. சாவியக்கா ஸ்டூலை இருந்த இடத்தில் வைத்துவிட்டு வராந்தாவுக்கு வந்தாள். மன்னித்தாளா இல்லையா என்பது அன்றும் தெரியவில்லை, பிறகும் தெரியவில்லை. அடுத்த லீவு மதியம் தையல்காரி கூடத்து வாசலுக்கு வரவில்லை. கூட்டிப் போக ஆள் அனுப்பியும், தலைவலி என்று படுத்துவிட்டாள்.

வருஷங்கள் ஓடின. நன்னடத்தையில் தையல்காரிக்கு விடுதலை வந்தது. கேட்டில் அழைத்துப் போக யாரும் இல்லை. வேறொரு ஊரில் துணிக் கம்பெனி ஒன்றில் வேலை பேசி வைத்திருந்தார்கள். சாவியக்கா பஸ் ஸ்டாண்டுவரை கூடப் போனாள். "அவ படிக்கிற பள்ளிக்கூடம் எனக்குத் தெரியும். தூரத்துல இருந்து ஒரு தடவை..." என்று இழுத்தாள். தையல்காரி வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். "என்னைப் பார்த்துப் பயந்துட்டான்னா?" பஸ் நகர்ந்தபோது ஜன்னலோரத்தில் கையாட்டினாளா, வெயிலுக்குக் கையை வைத்துக்கொண்டாளா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

அம்மு படித்து லேப் டெக்னீஷியன் ஆனாள். வெளியூர் ஆஸ்பத்திரியில் வேலை, ஹாஸ்டலில் வாசம். கெட்ட பிள்ளை இல்லை. வாரம் தவறாமல் போன் செய்வாள், சாப்பிட்டாயா, பிரஷர் மாத்திரை போட்டாயா என்று விசாரிப்பாள். லீவு என்றால் தோழிகளோடு எங்காவது போய்விடுவாள்.

சாவியக்காவின் ரிடையர்மென்ட் நெருங்கிய சமயத்தில் அம்மு ஒரு தடவை வந்திருந்தாள். மறுநாள் லீவு மதியம். சாவியக்கா அடுப்படியில் மைதாப் பசை கிளறிக்கொண்டிருந்தாள். அம்மு அடுப்படிக் கதவு நிலையில் சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கரண்டியை நிறுத்தாமல் சாவியக்கா கேட்டாள்: "அம்மு, சின்ன வயசுல உன்னைப் பூட்டி வச்சுட்டுப் போய் அங்க மத்த பிள்ளைங்களோட விளையாடினேன்னு உனக்கு வருத்தமாடி?"

அம்மு போனிலிருந்து நிமிர்ந்தாள். முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை. "இப்ப எதுக்கும்மா அதெல்லாம்? நான் ஒண்ணும் மனசுல வச்சுக்கல."

"நிஜமா?"

"நிஜமா. பசை அடிப்பிடிக்குது பாரு."

சாவியக்கா தீயைக் குறைத்தாள். "நாளைக்கு வர்றியா? சூப்பிரண்டம்மாகிட்டச் சொன்னா உள்ள விடுவாங்க. பிள்ளைங்களுக்கு உருட்டிக் குடுக்க ஒரு கை இருந்தா நல்லா இருக்கும்."

"இல்லம்மா. நாளைக்குக் காலையில பஸ்ஸு. டிக்கெட் போட்டாச்சு."

இரண்டு நாள் இருப்பாள் என்று நினைத்து இட்லி மாவு கூட அரைத்து வைத்திருந்தாள். காலையில் அம்முவின் பையைத் தூக்கிக்கொண்டு நிறுத்தம்வரை போனாள். அம்மு, "சூதானமா இரும்மா" என்று தோளைத் தொட்டுவிட்டு ஏறிக்கொண்டாள். பிறகு சாவியக்கா வீட்டுக்கு வந்து, யூனிபார்ம் போட்டு, பசை டப்பாவையும் பிஸ்கட் பாக்கெட்டுகளையும் பையில் அடுக்கினாள். மதியத்துக்குப் பிள்ளைகள் வந்துவிடும், தார்ப்பாய் விரிக்க வேண்டும் என்று சற்று வேகமாகவே நடந்தாள்.